காதுக்கல்லில் விட்டுவந்த பேர்

நெடுஞ்சுனை ஜமீனைச் சட்டம் போட்டு ஒழித்த வருஷத்தில்தான் அதன் எல்லைக்கற்கள் அரண்மனையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன. நடக்க என்றால், கால் முளைத்துக் குடுகுடுவென்று ஓடிவந்தன என்று நினைத்துவிடாதீர்கள். சுரைக்கொடி படர்கிற வேகம்தான். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது. உழுகிறவன் ஏரைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள், ஆடு மேய்க்கிறவள் வேப்பமர நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்திருப்பதற்குள், கல் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும், அது காலங்காலமாக நின்ற இடத்தில் ஈரமண்ணும் பூரானுமாக ஒரு குழி கிடக்கும். முதலில் பார்த்தவன் பக்கத்துக் காட்டுக்காரன் நகட்டிவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி வைதான். எட்டுத் திக்கிலும் இதே கதைதான் என்று தெரிந்ததும் வைவதை நிறுத்திவிட்டு, சரி, அதுகளுக்கும் கவர்மென்ட் உத்தரவு போயிருக்கும் போல என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

என்ன இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்பீர்கள். அந்த ஜமீன் உண்டான கதையே அப்படித்தான். அந்தக் காலத்தில் பெரிய ராஜா ஒருத்தருக்கு ஏதோ ஒரு சண்டையில் ஒத்தாசை செய்த ஆளுக்கு, உன் யானை சுற்றிவருகிற மண்ணெல்லாம் உனக்கு என்று வாக்குக் கொடுத்தார்களாம். யானை அசந்து நின்ற எட்டு இடத்திலும் ஒவ்வொரு கல்லை நட்டார்கள், அதுதான் எல்லை, அதற்கு உள்ளே இருந்ததெல்லாம் பாளையம், நட்டவர் பாளையக்காரர். பிறகு வெள்ளைக்காரன் வந்து பாளையத்தை ஜமீன் ஆக்கினான், வாளைப் பிடுங்கிக்கொண்டு வரிவசூலைக் கையில் கொடுத்தான். அதற்கப்புறம் ஆண்டவர்களில் ஒருத்தர் குளம் வெட்டி அதிலேயே முழுகிச் செத்தார், ஒருத்தர் காக்கையைச் சுடப் பீரங்கி வாங்கினார், ஒரு ராணி சக்களத்தியோடு ஆயுசு முழுக்கக் கோர்ட்டில் மல்லுக்கு நின்று தீர்ப்பு வருகிற அன்றைக்குக் கண்ணை மூடினாள். யார் வந்தாலும் போனாலும் கல் மட்டும் நட்ட இடத்தில் நின்றது. அதனால் கல் நடந்தபோது ஊரில் விவரம் தெரிந்தவர்கள் சொன்னது இதுதான்: யானை போன வழியில் நட்ட கல் அல்லவா, யானை என்றைக்காவது அரண்மனையில் தன்னைக் கட்டுகிற கொட்டாரத்துக்குத் திரும்பித்தானே ஆகவேண்டும்.

கல்லுக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம். உள்ளே செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, தோளில் துண்டு கிடக்கக்கூடாது, அரண்மனைக்காரர் முன்னால் உட்காரக்கூடாது. எல்லாவற்றையும் விட விநோதம், ராணிக்கு முன்னால் மனுஷப் பேர் எதையும் சொல்லக்கூடாது. ஆண் என்றால் அடியேன், பெண் என்றால் அடியாள், பிள்ளை என்றால் அடியாள் பெத்தது. ராணியின் பேரோ, அதுவும் ராணிக்குச் சொந்தமில்லை. அந்த வீட்டுக்கு வாழவந்த பெண்கள் எல்லாருக்கும் ஒரே பேர்தான், வடிவுடை நாச்சியார். ஒருத்தி உடுத்துக் கழித்த பேரை அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படியானால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பேர் என்ன ஆகும்? அதற்கும் வழக்கம் உண்டு. கிழக்கு எல்லையில் நின்ற கல்லுக்கு நடுவில் ஒரு குழிவு இருக்கும், பார்த்தால் காது மடல் மாதிரியே இருக்கும், அதனால் அதற்குக் காதுக்கல் என்று பேர். பல்லக்கு அங்கே வந்ததும் இறக்குவார்கள். மணப்பெண் இறங்கி, அந்தக் காதில் வாயை வைத்துத் தன் பேரைச் சொல்லிவிட்டு, பேரில்லாமல் எல்லையைத் தாண்டி வரவேண்டும். ஊரை விட்டு என்றைக்காவது போனால் கல்லிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். எந்த ராணி போனாள்? எல்லாரும் உள்ளேயேதான் வெந்து சாம்பலானார்கள், கல்லில் விட்ட பேரும் அவர்களோடு போனது.

நம்முடைய ராணி வந்தபோது அவளுக்குப் பால்பல் விழுந்து முளைத்த வயசு. பல்லக்கில் வந்த அலுப்பில் தூங்கிவழிந்தவளைத் தூக்கிக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவளும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே காதுக்குள் பேரைச் சொன்னாள். என்ன பேர் என்று என்னைக் கேட்காதீர்கள், கல்லே பின்னால் சொல்லும்.

வந்த புதிதில் அவள் பேரை மறக்காமல்தான் இருந்தாள். குளிக்கிற அறையில் தாதிகள் வெளியே போனதும் செப்புச் சொம்புக்குள் வாயை வைத்துப் பேரைச் சொல்வாள். சொம்பு அதைத் திருப்பிச் சொல்லும், யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும், இவள் சொம்புக்குள்ளேயே ‘என்ன?’ என்று கேட்பாள். ஒரு கோடையில் அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் விட்ட அன்றைக்கு வழக்கம்போலச் சொம்பைத் தூக்கி வாயருகே வைத்தாள். ஒன்றும் வரவில்லை. நாக்கு நுனியில் இருக்கிறது, வரமாட்டேன் என்கிறது. அன்றைக்குத் தொலைந்ததுதான். பிறந்த வீட்டில் அவளை எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள், பேரைச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. அவர்களும் ஒவ்வொருத்தராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் அண்ணன் ஒருத்தன் மிஞ்சினான், அவனும் ராஜா செத்தபோது துட்டிக்கு வந்தவன் சபைக்கு நடுவில் நின்று அவளை ‘மகாராணி’ என்று கூப்பிட்டு அழுதுவிட்டுப் போனான். அத்தனை பேர் முன்னால் அவனிடம் எப்படிக் கேட்பாள், என் பேர் என்ன அண்ணே என்று. அடுத்த வருஷம் அவனும் இல்லை.

ராஜா பட்டணத்தில் குதிரைப் பந்தயமே கதி என்று இருந்தவர், பிள்ளை கிடையாது. ஆகவே ராணியே பட்டத்துக்கு வந்தாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து குளத்துக்குத் தண்ணீர் விடச் சொன்னாள், வாய்க்கால் சண்டையைத் தீர்த்தாள், பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, நல்லபடியாகத்தான் ஆண்டாள். ஆனால் ஒரு முகமும் அவளை நேருக்கு நேர் பார்த்ததில்லை, ஒரு வாயும் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. அமுது ஆச்சா என்று சமையல்கட்டில் விசாரிப்பார்கள், அவளிடம் அல்ல. அவள் படுக்கிற அறை அரண்மனையின் கிழக்கு ஓரம். கிழக்குச் சுவர்தான் மதில், அதற்கு ஜன்னல் கிடையாது, தெருச் சத்தம் நுழையாத கனம், அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் தெரு என்று ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குக் கேள்விப்பட்ட சங்கதிதான்.

கல் நடக்கிற செய்தியைக் காரியஸ்தர் ஆவுடையப்பர் திரைக்கு வெளியே நின்று, துக்கம் சொல்கிற குரலில் சொன்னார்.

“காதுக்கல்லுமா வருது?” என்று ராணி கேட்டாள்.

“காதுக்கல்லுந்தான் அம்மா.”

திரைக்கு அந்தப்பக்கம் ஆவுடையப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், இந்தப்பக்கம் ராணிக்கோ கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து வராத ஒரு சந்தோஷம் நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. என் பேர் என்னைத் தேடி வருகிறது. நான்தான் போகமுடியாது, அது வருகிறதே. அன்றைக்கு அவள் ரெண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள், சமையல்காரர்கள் துக்கத்தில் இப்படியும் சாப்பிடுவார்களா என்று பேசிக்கொண்டார்கள்.

ஊர் இந்த நடையைத் தன் பாட்டுக்குப் பழகிக்கொண்டது. கல் தாண்டிப் போன நிலமெல்லாம் கவர்மென்ட் நிலம், கல்லுக்கு உள்ளே இன்னும் ஜமீன். ஒருத்தன் தெற்குக் கல்லுக்குப் பின்னாலேயே டீக்கடை போட்டான், காலைத் தொங்கப்போட்டு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்பதற்காகவே கூட்டம் அலைமோதியது, கல் நகர நகரக் கடையையும் கீற்றோடு பெயர்த்துக்கொண்டு பின்னால் போனான். மேற்கே ஒரு வீட்டுக்கு நடுவிலேயே கல் வந்து ஒரு மழைக்காலம் முழுக்க நின்றுவிட்டது, சமையல்கட்டு ஜமீனில், வாசல் சுதந்திரத்தில். அந்த வீட்டுக்காரன் வாசலில் செருப்பும் குடையுமாக ராஜா மாதிரி நடந்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் கைகட்டி உள்ளே போவான், அவன் பெண்டாட்டி அதைச் சொல்லிச் சொல்லித் தெருவையே சிரிக்கவைத்தாள். தெக்குத்தெருச் சனங்கள் புதுச்செருப்பு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கல் எப்போது தங்களைத் தாண்டும் என்று காத்துக்கிடந்தார்கள். அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து முள்ளிலும் வெயிலிலும் வெறுங்காலோடு நடந்தவர்கள், கல் தாண்டிய அன்றைக்கு அந்தத் தெரு முழுக்கச் செருப்புச் சத்தம், சும்மாவே மேலும் கீழும் நடந்தார்கள். அதை வேலைக்காரி சண்முகத்தாய் யாரிடமோ அங்கலாய்ப்பாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ராணி ஒட்டுக்கேட்டாள். அவளுக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அவர்களுக்குக் கல் தாண்டிப் போய்விட்டதே.

ஆனால் மேலத்தெருக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. கோயிலில் முதல் பரிவட்டம், தேரில் முதல் வடம் எல்லாம் அரண்மனை கொடுத்த மரியாதை, கல் போனால் அதுவும் போகும். அதை அப்படிப் பச்சையாகச் சொல்ல முடியுமா? அம்மா மனசு தாங்காது, இருக்கிற ஒரே பிடிமானம் இந்த எல்லைதான், அதுவும் போனால் அவ்வோ உசிரை விட்டுருவாவோ என்று பேசிக்கொண்டார்கள். பேசப்பேச அவர்களுக்கே அது நிஜமாகிவிட்டது, நிஜமாகவே கண்ணீர் விட்டார்கள். வெள்ளைப்பாண்டி என்று ஒரு ஆள், உரலைத் தலைக்கு மேல் தூக்குகிற தெம்பு, ராணி மேல் பக்தி என்றால் அப்படி ஒரு பக்தி. அவன் தலைமையில் ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் இளவட்டங்கள் கூடி, கம்பு கயிறு போட்டுக் கற்களைத் தூக்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, பழைய குழியில் கொண்டுபோய் நட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார்கள். கல் கோபித்துக்கொள்ளாது. மறுபடி முதலிலிருந்து நடக்க ஆரம்பிக்கும்.

ஆவுடையப்பர் வந்து, எல்லையைப் பழையபடி நிறுத்தியாச்சு அம்மா, ஒண்ணும் கவலைப்படவேண்டாம் என்றார். வந்துகொண்டிருந்த பேரைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார்களே என்று ராணி தவித்தாள். பேர் வேண்டும் என்று ஒரு ராணி கேட்டால் இந்த வீடு எனக்கு வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம், அதை எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு, “கல்லு வந்தா வரட்டும், யாரும் இழுத்துட்டுப் போகவேண்டாம்னு சொல்லிரும்” என்று மட்டும் சொன்னாள்.

அவர் அதைக் கேட்டு உருகிப்போனார். வெளியே வந்து கூட்டத்தைக் கூட்டி, நாம கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லுதாவோ, என்ன மனசு பாத்தியளா என்று சொன்னார். கூட்டம் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்தத் தடவை ஆவேசத்தில் கற்களைப் பழைய குழியையும் தாண்டிக் கொண்டுபோய் அடுத்த ஊர்க்காரன் கரும்புக்குள் நட்டுவிட்டார்கள், அது வெட்டுக்குத்தில் போய் நிற்க இருந்தது. ராணி இன்னொரு தடவை கொஞ்சம் கடுமையாகவே சொல்லிப்பார்த்தாள். வருத்தத்தில் பேசுகிறார்கள் என்று முடிவு செய்து கற்களைச் சுற்றிக் காவல் போட்டார்கள். மூன்றாவது தடவை அவள் வாயைத் திறக்கவில்லை. பிரியத்தோடு சண்டை போட்டு ஜெயித்தவர்கள் யார்?

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். மற்றக் கற்களைத் தூக்கும்போது ஒன்றும் இல்லை. காதுக்கல்லைத் தூக்கும்போது மட்டும், அது மண்ணை விட்டு எழும்புகிற நேரத்தில், உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தோளில் முட்டுக்கொடுத்த வெள்ளைப்பாண்டியின் காதுக்குப் பக்கத்தில் கல்லின் காது, அவனுக்குத்தான் முதலில் கேட்டது. சின்னப்பிள்ளைக் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிற மாதிரி, ‘பூங்கனி.’ கீழே வைத்தார்கள், சத்தம் நின்றது. தூக்கினார்கள், பூங்கனி. கல்லுக்குள் இருக்கிற தெய்வம் தன் பேரைச் சொல்லுது என்று வெள்ளைப்பாண்டி சொன்னான், எல்லாரும் ஆமாம் என்றார்கள். ராணிகள் பேரை விட்டுவிட்டு வருகிற கல் அது என்பதை அவர்கள் ஏன் நினைத்துப்பார்க்கவில்லை? அவர்களுக்கு ராணி என்றால் வடிவுடை நாச்சியார், அவளுக்கு அதற்கு முன்னால் ஒரு பேர் இருந்திருக்கும், அந்தப் பேருக்குள் ஒரு குழந்தை இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பிறகு அதுவே கல் தூக்குகிற பாட்டாகிவிட்டது. “தூக்கு தூக்கு பூங்கனி, தோளு குடு பூங்கனி, ஏறி வாடி பூங்கனி, எல்லை போவோம் பூங்கனி” என்று பாடிக்கொண்டே தூக்கினால் கல் பூ மாதிரி வந்தது. வெள்ளைப்பாண்டிக்கு ஒரு பெண் பிறந்தபோது எல்லைத்தெய்வத்தின் பேர் என்று பூங்கனி என்று வைத்தான். அவனைப் பார்த்து மேலத்தெருவில் ஒன்றுக்கு ரெண்டாக வைத்தார்கள். கல்லைத் தூக்கவே வராத தெக்குத்தெருவில்கூட, கல்லு கிடக்கட்டும், பேரு நல்லாருக்கே என்று வைத்தார்கள். நாளாக நாளாக நெடுஞ்சுனையில் எந்தத் தெருவில் நின்று பூங்கனி என்று கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு வாசலிலிருந்து ஒரு பெண்பிள்ளை எட்டிப்பார்க்கும்.

அரண்மனைக்குள் மட்டும் அந்தப் பேர் நுழையவில்லை, நுழையக்கூடாதே. பிறந்த பிள்ளைக்கு முதல் தேன் ராணி கையால் வைப்பது வழக்கம். திரைக்கு அடியில் பிள்ளையை நீட்டுவார்கள், அடியாள் பெத்தது அம்மா என்பார்கள், ராணி மோதிரத்தால் தேனைத் தொட்டு அதன் நாக்கில் தடவுவாள், அது சப்புக்கொட்டும். அவள் தேன் வைத்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அவளுடைய பேர். தன் பேருக்குத் தன் கையாலேயே தேன் தடவித் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டு, கல் இப்போது எங்கே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் சண்முகத்தாய் தலைவாரிவிடும்போது தாங்கமுடியாமல் கேட்டேவிட்டாள். “இங்க பாரு, எம் பேரு என்னன்னு ஒனக்குத் தெரியுமா?”

“அடியாளுக்கு என்ன தெரியும்?” என்றாள் அவள். “அம்மாங்கதுதான் அம்மா பேரு.”

அவள் பிரியமாகத்தான் சொன்னாள். அவளுடைய பேத்திக்கும் பூங்கனி என்றுதான் பேர்.

எதற்கும் ஒரு முடிவு உண்டல்லவா. பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது, கோயில் பரிவட்டம் அரண்மனை கையை விட்டுப் பிரசிடெண்டு கைக்குப் போனது. அதற்குப் பிறகு மேலத்தெருக்காரர்களுக்குக் கல் கனக்க ஆரம்பித்தது. இளவட்டங்கள் மில் வேலைக்குப் போனார்கள், வண்டிமாடுகளை விற்றார்கள், அறுப்பு முடிந்து வெள்ளைப்பாண்டி கூப்பிட்டபோது, வாரோம் மாமா, வாரோம் என்று சொல்லிவிட்டு ஒருத்தரும் வரவில்லை. அவனுடைய பூங்கனியும் கல்யாணம் ஆகித் தூரதேசம் போயிருந்தாள். மனுஷன் ஒற்றை ஆளாகக் காதுக்கல்லைக் கட்டிப்பிடித்து ஒரு தம் கட்டித் தூக்கினான். கல் ஒரு விரற்கடை எழும்பி, பூங்கனி என்றது. அவனுக்கு மகள் ஞாபகம் வந்துவிட்டது. கீழே வைத்துவிட்டு, கல்லைத் தடவிக்கொடுத்து, “நீ போகணும்னு நெனைக்க இடத்துக்குப் போ தாயி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை. கற்கள் வயலைத் தாண்டின, குளத்தங்கரையைத் தாண்டின, தெருக்களைத் தாண்டின. ஆவுடையப்பர் சாவிக்கொத்தைத் திரைக்கு அடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் பட்டணம் போனார். சமையல்காரர்கள் போனார்கள். வடக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் வந்த கற்கள் முற்றம் தாண்டி, கூடம் தாண்டி, பழைய ராணிகளின் படங்கள் வரிசையாகத் தொங்குகிற தாழ்வாரம் தாண்டி அவள் அறைக்குள் வந்தன. கிழக்கே காதுக்கல் மட்டும் மதிலுக்கு வெளியே தெருவில் நின்றது. சண்முகத்தாய் இப்போது கல்லுக்கு வெளியேதான் நின்று பரிமாறவேண்டும். இனி நீ உட்காரலாமே, உட்காரேன் என்று ராணி சொன்னாள். உட்காரப் பார்த்தாள், முழங்கால் மடங்கவில்லை. “பழக்கமில்லியே அம்மா” என்று சொல்லி நின்றுகொண்டே அழுதாள். பிறகு அவளும் பேத்தியின் பேறுகாலத்துக்குப் போகவேண்டியிருந்தது, ரெண்டு நாளைக்குச் சோறும் வற்றலும் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த அரண்மனையில் ராணி ஒற்றையாய் இருந்தாள். முன்பும் ஒற்றைதான், ஆனால் அப்போது கதவுக்கு வெளியே காலடிச் சத்தமாவது இருக்கும். இப்போது பல்லி கத்தினால் வீடு முழுக்கக் கேட்கிறது. ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. அவள் கிழக்குச் சுவரில் காதை வைத்துக்கொண்டு, வந்துட்டியா, இன்னும் எம்புட்டுத் தூரம் என்று சுவரிடம் பேசினாள். தலை நரைத்த மனுஷி, குழந்தை மாதிரி பேசினாள். மழை நின்று வெயில் எட்டிப்பார்த்த ஒரு மத்தியானம் அவள் கொஞ்சம் கண்ணசந்தபோது, ஊறிப்போயிருந்த மதில் பொதபொதவென்று தெருப்பக்கமாகச் சரிந்தது. எழுந்து பார்த்தால் கட்டில் தலைமாட்டில் காதுக்கல் நிற்கிறது. சுவர் இருந்த இடத்தில் வானம்.

அவள் முகத்தைக் கழுவினாள், நல்ல சேலை உடுத்தினாள், கல்லுக்குக் குங்குமம் வைத்தாள். பிறகு குழிவில் காதைப் பொருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சத்தமே இல்லை. இந்தக் காதை வைத்தாள், அந்தக் காதை வைத்தாள். மண்ணை விட்டுத் தூக்கினால்தான் அது பேசும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்ததை அவளிடம் ஒரு வாய் சொன்னதில்லை. “இத்தன வருசம் காத்திருந்தேனே, சொல்லேன்” என்று கேட்டாள். கெஞ்சினாள், வைதாள், ரெண்டு கையாலும் பிடித்து உலுக்கப் பார்த்தாள். கல் கல்லாக நின்றது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எட்டுக் கல்லும் கட்டிலைச் சுற்றி நெருங்கி நின்றன, நெடுஞ்சுனை ஜமீன் இப்போது ஒரு கட்டில் அகலம், அதற்கு நடுவில் அவள் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, எனக்குப் பேரே இருந்ததில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து, சத்தம் போட்டு அழுதாள். சத்தம் போட்டு அழுவதும் அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அப்போது சரிந்த மதிலுக்கு அந்தப்பக்கம், தெக்குத்தெருவுக்குப் போகிற சந்தில், ஒரு பொம்பளை செருப்புச் சரசரக்க நடந்துவந்து, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

“ஏட்டி பூங்கனீ! வெளக்கு வைக்க நேரமாச்சு, எங்கட்டி போய்த் தொலஞ்ச? சாப்பிட வாட்டி!”

ராணி யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை. அவள் வாய் அவளைக் கேட்காமல், பால்பல் விழுந்து முளைத்த குரலில், “இந்தா வந்துட்டேம்மா” என்றது. கால் கட்டிலை விட்டு இறங்கியது, கல்லைத் தாண்டியது, செங்கலும் சேறுமாகக் கிடந்த மதிலில் ஏறி இறங்கித் தெருவில் நின்றது. அதற்குப் பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அது தன் பேர் என்று. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கூப்பிட்டவள் இருட்டில் உற்றுப்பார்த்தாள். ராணியின் முகத்தை ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? யாரோ வழிதவறி வந்த பெரிய மனுஷி என்று நினைத்தாள்.

“ஆரும்மா நீங்க? ஆரத் தேடுதிய?”

“நீதான கூப்பிட்ட.”

“நான் எம் மவளல்லா கூப்பிட்டேன்.” பிறகு, “ஒங்களுக்கும் பூங்கனிதான் பேரா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை ராணியிடம் யாரும் கேட்டதில்லை.

“ஆமா,” என்றாள். “பூங்கனி.”

“இந்த ஊர்ல எங்க திரும்பினாலும் அந்தப் பேருதான்” என்று அவள் சிரித்தாள். பிறகு இவளுடைய வெறுங்காலையும் சேற்றையும் அழுத கண்ணையும் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள், “சாப்ட்டியளா?”

இவள் இல்லை என்று தலையாட்டினாள்.

உள்ளே எட்டுக் கல்லும் காலிக் கட்டிலைச் சுற்றி நின்றன. வெளியே அந்தப் பொம்பளை தன் செருப்பைக் கழற்றி இவள் காலடியில் போட்டாள், சந்தில் கண்ணாடிச் சில்லு கிடக்கும், போட்டுக்கிடுங்க என்றாள். பழக்கமில்லாத செருப்பில் தடுமாறித் தடுமாறி அவள் பின்னால் நடந்துபோய், குனிந்து நுழைந்து, மண்தரையில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் தட்டை வாங்கிவைத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யார் பூங்கனி என்று கூப்பிட்டாலும் ரெண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.